பல்லாவரத்துக் கல்லும் பாலைவன ரோஜாவும்

ஆல்ப்ஸ் சிகரங்களில், பனி உருகிக் கிடைக்கும் சில வாரங்களுக்குள் பூத்துக் காய்த்துவிட்டு மறுபடியும் பனிக்கு அடியில் உறங்கப் போகும் ஜெண்டியன் முதலிய பல்லாண்டுச் செடிகளை, நடுநிசியிலும் புழுக்கம் தணியாத மயிலாப்பூரில் வளர்க்க ஆசைப்படுவது வீண் பிரயாசை. ஆயினும் அவற்றின் பொருட்டு மேல்நாட்டார் வளர்த்த பாறைத் தோட்டக் கலை நமக்கு அந்நியமன்று. வேர் ஈரத்தைக் காண வேண்டும், ஈரம் வேரடியில் தேங்கலாகாது என்பதே அதன் ஜீவன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் சென்னைக்கு இது மிகவும் உகந்த சாஸ்திரம்.

கல்லைப் பொறுத்தவரை நாம் பாக்கியசாலிகள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னோக்கைட் என்று பெயரிட்ட பாறையினம், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் விளைந்த நம் கருங்கல்லேயாகும். நீலம் கலந்த கருமையும் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும் உடைய அக்கல்லை மண்மேல் வைப்பது வேறு, மண்ணிலிருந்து எழுந்ததாகத் தோன்றச் செய்வது வேறு. ஆங்கிலேயரான ரெஜினால்ட் ஃபாரர் 1907-இல் ‘என் பாறைத் தோட்டம்’ என்று ஒரு நூலே எழுதும் அளவுக்கு இது நுட்பமான வித்தை. கல்லின் பெரும்பாகம் புதைந்திருக்க வேண்டும். மேற்பரப்பு சற்றே பின்சாய்ந்து, விழுந்த மழையை வேர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். ரேகைகள் யாவும் ஒரே திசையில் ஓட வேண்டும். இவ்வளவும் கூடிவந்த இரண்டு கற்கள், அடையாற்றுப் பங்களா ஒன்றின் முற்றத்தைக் குன்றின் அடிவாரமாக்கிவிடும்.

அக்கற்களின் இடுக்கில், ஜல்லியும் ஆற்று மணலும் மிகுந்து செம்மண் குறைந்த கலவையில், பாலைவன ரோஜா என்னும் அடினியத்தை நட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் பிறப்பிடம். நம் அரளிக்கு உறவு. பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்துவைத்து, சித்திரை வெயிலில் ஊரே வாடும்போது அது இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கும் கம்பீரம் வேறெந்தச் செடிக்கும் இல்லை. ஒட்டுக்கட்டி வரும் அடுக்குப் பூ ரகங்களை இப்போது பலர் விரும்புகிறார்கள்; ஒற்றைப் பூவின் லக்ஷணம் அவற்றுக்கு வாய்க்கவில்லை என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். காலடியில் பத்துமணிப் பூவும், சுவர் வெடிப்பிலும் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியும் போதும்.

புரட்டாசிக்குள் நீர் வடியும் வழியைச் சோதித்துவிடுங்கள். தேங்கிய மழையில் அடித்தண்டு அழுகினால் பிழைப்பது துர்லபம். அடினியத்தின் பால் விஷம். கிளை நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.