தாயுமானவடிகள் துறந்தது யாது?

திரிசிரபுரத்தில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அரசுபுரிந்த காலத்து, தாயுமானவடிகள் தந்தையாரைப் பின்பற்றி அரண்மனைப் பெருங்கணக்கர் பணி பூண்டிருந்தார் என்பது மரபுவழி வந்த வரலாறு. அதனை எழுதப்புகுந்தோருட் சிலர், அடிகள் உத்தியோகத்தைத் துறந்தமையால் ஞானம் பெற்றார் எனச் சுருங்க முடிப்பர். இக்கூற்று ஆராயற்பாலது. என்னை? இதனைப் படிக்கும் இளைஞர், பொன்மலைப் பணிமனையிலோ திருவெறும்பூர் மிகுமின் ஆலையிலோ உயர்பதவி நாடி உழைப்போர், "நமக்கு இந்நெறி இல்லை, ஓய்வு பெற்றபின் பார்ப்போம்" என்று கைவிடுகின்றனர்.

வரலாற்றின் முறை வேறு. மலைக்கோட்டையில் மௌனகுரு தேசிகர் அடிகளை ஆட்கொண்டபோது அவர் அரசர் பணியிலேயே இருந்தார். உடன்வர விழைந்தவரை, சும்மா இருக்குமாறும் இல்லறத்தில் நிற்குமாறும் பணித்தார் ஆசிரியர் என்பர். அரண்மனையை நீங்கியது அரசர் மறைந்த பின்னரே. மணவாழ்வும் மகப்பேறும் அதற்கும் பின்னர். துறவு இறுதியிலேயே வாய்த்தது. ஆகவே உபதேசம் முந்தியது, பதவி நீக்கம் பிந்தியது. பிந்தியதனை முந்தியதற்குக் காரணமாகக் கூறல் பொருந்தாது.

இதற்கு அகச்சான்றும் உண்டு. பரிபூரணானந்தம் என்னும் பகுதியில், நிலமெல்லாம் ஆள்வோர் கடலையும் ஆள விரும்புதலையும், பெருஞ்செல்வர் பொன்னாக்கும் வித்தைக்கு அலைதலையும் அடிகள் காட்டுகின்றார். ஆண்டு அவர் பழிப்பது ஆட்சியையும் பொருளையும் அன்று. எய்தியதில் அமையாத ஆசையையே. அரண்மனையுள் இருந்து கண்டார்க்கன்றி இத்தெளிவு எளிதில் வாராது.

சித்தாந்த நூல்களும் இதற்கு அரணாவன. தனு, கரணம், புவனம், போகம் ஆகியன மலபரிபாகத்தின் பொருட்டு இறைவன் உயிர்க்குக் கூட்டியவை. மாயையை விடியுமளவும் உதவும் விளக்கென்பர் ஆசிரியர். உத்தியோகமும் அவ்விளக்கின்பாற்பட்டதே. உயிரைப் பிணிப்பது "யான், எனது" என்னும் ஆணவச் செருக்கு. சும்மா இருத்தல் என்பதும் அச்செருக்கு ஓய்தலேயன்றி, கைகால் ஓய்ந்து கிடத்தல் அன்று.

அற்றேல், பதவி உயர்வுக்கு அல்லும் பகலும் அலைதலும் சிவப்பணியே எனலாமோ எனின், எனலாகாது. தொழில் வேறு, தொழிலாற் பெருமை தேடல் வேறு. இரண்டனையும் பிரித்தறிய உரைகல் ஒன்றுண்டு. தமக்கு வரற்பாலதாய உயர்வு மற்றொருவர்க்குச் சென்றவழி, மறுநாட் காலையில் முன்போலவே பூசையில் உளம் நிற்குமோ? அலுவலகத்திலும் முன்போலவே கணக்குச் செம்மையாக எழுதப்படுமோ? நிற்பின், எழுதப்படின், அது பணி. இல்லையேல் அது பற்று. அடிகள், அரசர் மறைந்தபின் அவ்விடம் தம் நிலைக்கு ஏலாதெனக் கண்டதும் பெரும்பதவியை எளிதின் விட்டகன்றார் என்பர். முன்னரே உள்ளத்தால் விடப்பட்டது கையால் விடுதற்கு அரிதன்று.

ஓய்வுக்காலத்தை எதிர்நோக்கித் தள்ளிவைப்பார்க்கும் ஒன்று கூறுவல். பதவி நீங்கி ஆண்டு பல கழிந்தும் பதவிநினைவு நீங்காதாரை யாம் நாடோறும் காண்கின்றோம். ஓய்வூதியம் மலத்தைப் பக்குவப்படுத்துவதில்லை. ஆதலின் அலுவலிலிருக்கும் அன்பர்கள் அதனை விடுதற்கு விரையவும் வேண்டா. வழிபாட்டையும் நூலோதலையும் நாளைக்கெனத் தள்ளவும் வேண்டா. அலுவலுக்குப் புறப்படுமுன் உள்ள ஒரு நாழிகையே தொடங்குதற்குப் போதுமானது.

திருச்சிற்றம்பலம்.