மோக்கி டக்வே

யூட்டாவின் தென்கிழக்குப் பாலைவனத்தில் நெடுஞ்சாலை 261 நேராகப் போய்ச் செங்குத்துப் பாறையில் முட்டுகிறது. வடக்கே போகிறவர்களுக்கு அங்கே தார் முடிகிறது. அடுத்த மூன்று மைல் சரளை; கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஆயிரம் அடிக்கு மேல் ஏறுகிறது. 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காகப் பாறையை வெட்டிப் போட்ட இந்த வழிதான் மோக்கி டக்வே. அழகுக்கென்று ஒரு கல்லைக்கூட யாரும் வைக்கவில்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

பைக்கில் தனியே ஏறுகிறவருக்கு முதல் பாடம், ஹேண்டில்பாரை இறுக்கக் கூடாது. இறுக்கினால் வண்டி முரண்டு பிடிக்கும். தளரவிட்டால் முன்சக்கரம் தன் தடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கவிழ்ந்தால் தூக்கிவிட ஆளில்லை என்ற நினைப்பு (நல்ல வாத்தியார் அது) வேகத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உச்சியில் நின்றால் கீழே செம்பாறைக் குன்றுகள், தொலைவில் மான்யுமென்ட் பள்ளத்தாக்கு. போட்டோ எடுக்கலாம், அதற்கு முன் சைடு ஸ்டாண்டு புதையாமலிருக்க அதற்கு அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்துவிட வேண்டும்.