வழியுணவும் உடனுண்டலும்: ஆற்றுப்படைப் பாடல்களில் ஒரு நோக்கு

பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன், பெறாது வருந்தி எதிர்வரும் மற்றொருவனைத் தான் கண்ட வள்ளலிடம் செல்லுமாறு நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலி என்னும் நால்வரையும் இத்துறைக்கு உரியராகத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கு ஆற்றுப்படைகளும் உலகியல் வள்ளல்களைப் பற்றியன. இவற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் வள்ளலின் கொடைச் சிறப்பையே நூலின் உயிர் எனக் கொண்டு, வழியிடைப் பெறும் உணவைப் பற்றிய பகுதிகளை நிலவருணனையின் ஒரு கூறாக ஒதுக்கிச் சென்றனர். அவ்வுணவுப் பகுதிகள் வெறும் வருணனை அல்ல. எளியோர் தம் இல்லின் நீங்கிப் பிறர் வாயிலில் கூச்சமின்றி ஒருங்கிருந்து உண்ணும் உரிமையைப் பற்றியன என்பதும், அவ்வுரிமைக்கு உரிய அளவுகோல் தகடூர் அதியமான் பாடல்களில் கிடைக்கின்றது என்பதும் ஈண்டு நிறுவப்பெறும்.

புறப்பாட்டின் காரணம்

பாணரும் விறலியரும் இல்லைவிட்டுப் புறப்படுவது ஏன்? வறுமை என்பது எளிய விடை. ஆயினும் புலவர்கள் அவ்வறுமையை உணவின் வாயிலாகவே நுட்பமாகக் காட்டுகின்றனர். புறநானூற்று 64ஆம் பாட்டு நெடும்பல்லியத்தனார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய விறலியாற்றுப்படை. ஏனைய ஆற்றுப்படைகளில் வழிகாட்டுவோன் நின்று, கேட்போர் செல்வர். இப்பாட்டிலோ பேசுவோன் விறலியை நோக்கி, இசைக்கருவிகளைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு இருவரும் போவோமா என்று வினவுகின்றான். போவதன் பயனாக அவன் கூறுவது பொன்னும் அன்று, யானையும் அன்று. நீர் மிகுந்த புற்கையை விட்டொழித்து வரலாம் என்பதே அவன் காட்டும் ஆசை. இருவர் கூடி நல்லுணவு தேடிப் புறப்படும் எண்ணத்தை இத்துணைச் சுருக்கமாகவும் உரிமையோடும் கூறும் பாட்டு பிறிதொன்று காண்டல் அரிது.

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை இதன் மறுபக்கத்தைக் காட்டும். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பர் என நாணித் தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். உணவின் இன்மையினும் அவளை வருத்துவது அதனைப் பிறர் காணும் நாணம். அந்நிலையிலும் அவள் தனித்து உண்ணவில்லை. சுற்றத்தோடு ஒருங்கே உண்கின்றாள். ஆகவே அக்குடிக்கு இல்லாதது உடனுண்ணும் பண்பு அன்று. கதவைத் திறந்துவைத்து உண்ணும் வாய்ப்பு. இனி வரும் வழியுணவுப் பகுதிகள் அனைத்தையும் இவ்வடைத்த கதவினை உளத்திற் கொண்டே படித்தல் வேண்டும்.

வழியுணவின் இயல்பு

சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்வோர்க்கு மூன்று ஊர்களில் உணவு கிடைக்கும். எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் சமைத்த சூடான புளிச்சோறு ஆமான் சூட்டிறைச்சியுடன் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறு நண்டுக் கலவையோடு கிடைக்கும். இவற்றுள் ஒன்றேனும் அரசர்க்குரிய அரிய பண்டம் அன்று. அவ்வந்நிலத்தார் அன்றாடம் உண்பதே விருந்தாகின்றது. எயிற்பட்டினத்தில் ஆடிய மகளிரோடும், வேலூரில் வளையணிந்த மகளிர் கூட்டத்தோடும் பெறுவீர் எனப் புலவர் வெளிப்படக் கூறுதல் பெரிதும் கருதற்குரியது. ஆமூரிலோ உழவர் மனைமகள் தன் பிள்ளைகளைக் கொண்டு வழிச்செல்வோரைத் தடுத்து நிறுத்துகின்றாள். வருவோர் கேட்பதற்கு முன்னரே இருப்போர் அழைக்கின்றனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இவ்வுணவின் எளிமை இன்னும் விளங்கும். எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, நிலவுரலிற் குற்றி, உவர்நீர் வார்த்து, விளிம்பு சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பிலேற்றிச் சமைத்த உணவு தேக்கிலையில் குவித்து வைக்கப்படும். அதனையும் சுற்றத்தோடு பெறுவீர் என்றே புலவர் கூறுவர். கோவலர் குடியில் தினைச்சோறும் பாலும், முல்லைநிலச் சீறூரில் வரகுச்சோறும் அவரைப் புழுக்கும், மருதநிலத்தில் நெற்சோறும் கோழி வாட்டும் முறையே வரும். வழி நீள நீள உணவு மாறுகின்றது. ஏற்கும் மனம் மாறவில்லை. சிதைந்த பானையை மறைக்காது காட்டிய புலவர், அதனைச் சிறுபாணாற்றுப்படைக் கிணைமகளின் உப்பில்லாக் கீரைக்கு நேரெதிராக நிறுத்தினாற் போலத் தோன்றுகின்றது. இரண்டும் ஏழையர் உணவே. ஒன்று மூடிய கதவுக்குள், மற்றொன்று திறந்த முற்றத்தில்.

அவ்வாறு பிறர் மனையில் புகுவோர் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்பதனை மலைபடுகடாம் கற்பிக்கின்றது. செங்கண்மாத்து நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இக்கூத்தராற்றுப்படை, மலைவாழ்நர் குடிலை அடைந்ததும் வெளியே தயங்கி நில்லாது தம் வீடு போலவே உள்ளே செல்லுக எனக் கூத்தர்க்கு அறிவுறுத்தும். மூங்கிலரிசியும் அவரையும் புளியும் கூடிய உணவு அங்குக் கிடைக்கும். விருந்தோம்புவோரின் கடமையை அறநூல்கள் பலவாறு பேசும். விருந்தினர் தயக்கம் நீங்குதலும் விருந்தின் ஒரு பாதி என்பதனை இந்நூலே தெளிவாக உணர்த்துகின்றது.

இவ்வழியுணவொடு அரண்மனை உணவை ஒப்பிடின் உண்மை மேலும் புலனாகும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் இடைவிடாது ஊட்டிய ஊனைத் தின்று தின்று, கொல்லை உழுத கொழுப்போலப் பல் மழுங்கியது என்கின்றான் பொருநன். பின்னர்த் தன் சுற்றத்திடம் திரும்ப விடை கேட்கின்றான். பெருவிருந்தும் ஓரெல்லைக்குமேல் தெவிட்டுகின்றது. வேட்டுவர் தேக்கிலை உணவைக் குறித்து எவரும் அவ்வாறு கூறவில்லை.

தகடூர்ப் பாடல்கள் தரும் அளவுகோல்

தருமபுரிக்குத் தெற்கே சேலம் செல்லும் பெருவழியில் உள்ள அதியமான்கோட்டை, அதியர் பெயரை இன்றும் தாங்கி நிற்பது. 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியை உறையுள் அளித்தவனாகக் குறிப்பதால், அவன் பெயரும் கொடையும் பாட்டளவில் நின்றன அல்ல என்பது உறுதியாயிற்று. இவனை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களுள் 103ஆம் பாட்டு விறலியாற்றுப்படை. அதில் வரும் விறலி பதலையையும் சிறுமுழாவையும் இருபுறமும் தொங்கத் தூக்கி, சுரத்தின் தொடக்கத்தே அமர்ந்திருக்கின்றாள். அவள் உண்கலமாகிய மண்டை கவிழ்ந்து கிடக்கின்றது. அதனை நிமிர்த்துவோர் யார் என்பது அவள் கவலை. அஞ்சி பகைப்புலத்தில் இருப்பினும் தொலைவில் உள்ளான் அல்லன். வறட்சிக் காலத்தும் அவன் உணவளிப்பான் என ஔவை அவளுக்கு வழிகாட்டுகின்றார். பாணனைச் சார்ந்தவளாக அன்றித் தனக்கென ஓர் உண்கலம் உடையவளாக விறலி இங்கே நிற்கின்றாள். வழிகாட்டுபவரும் பெண் என்பது எண்ணத்தக்கது.

95ஆம் பாட்டில் அதியமானின் சிறப்பை ஔவையார் தொண்டைமானிடம் எடுத்துரைக்கின்றார். உணவு உள்ளபோது பிறர்க்குக் கொடுப்பான். இல்லாதபோது இருப்பதனைப் பகிர்ந்து அவரோடு உடனுண்பான் என்பதே அச்சிறப்பு. ஈகைக்கும் உடனுண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாட்டு நிறுவுகின்றது. ஈகையில் கொடுப்பவன் மேலிருக்கின்றான். உடனுண்டலில் இருவரும் ஒரே நிலையில் அமர்கின்றனர்.

அதியமான் எனில் உலகம் நினைப்பது நெல்லிக்கனியே. அதனை ஔவையார் தாமே 91ஆம் பாட்டில் போற்றினார். சிறுபாணாற்றுப்படையும் வள்ளல் எழுவர் வரிசையில் அதனைக் கூறிற்று. ஆனால் அவன் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் கையறுநிலைப் பாட்டில் நெல்லிக்கனி இடம்பெறவில்லை. சிறிதளவு கள் கிடைப்பின் தமக்கே தந்ததையும், மிகுதியாகக் கிடைப்பின் தாம் பாட அவன் மகிழ்ந்து உண்டதையும், சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களை இட்டுப் பலரோடு உண்டதையும் எண்ணியே அவர் அழுகின்றார். கனி முழுதும் கொடுக்கப்பட்டது, சோறோ பகிரப்பட்டது. புகழுக்குக் காரணமாயது முன்னது. இழப்பில் நினைவாக எஞ்சியது பின்னது.

பரிசில் தாழ்த்தியபோது சினந்து பாடிய 206ஆம் பாட்டும் இவ்வழியே நோக்கத்தக்கது. கைத்தொழில் வல்லார்க்குக் காடெங்கும் மரம் இருத்தல் போலக் கலைவல்லார்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்னும் அவர் துணிவு, வழியெங்கும் திறந்த வாயில்கள் உள்ள சமுதாயத்தில்தான் பிறக்க இயலும். வழியுணவு இல்லையேல் புலமைப் பெருமிதமும் இல்லை.

தடைகளும் விடையும்

இக்கருத்திற்கு இரு தடைகள் எழலாம். சுற்றத்தோடு, மகளிரோடு என்னும் சொற்கள் கூட்டத்தை மட்டுமே குறிக்கும்; ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்பதற்குச் சான்றாகா என்பது ஒன்று. இது பொருத்தமான தடையே. ஆயினும் மகளிரை விலக்கி உண்டமைக்கும் அங்குச் சான்றில்லை. அவரை வெளிப்படக் கூட்டிச் சொல்லும் இடங்களே உள. மற்றொன்று, இவ்வுணவு விலைக்கு வாங்கப்பட்டதன்று, ஆதலின் இக்கால உணவகங்களோடு ஒப்பிடற்குரியதன்று என்பது. மதுரைக்காஞ்சி அடையும் மோதகமும் விற்கும் கூவியரைக் காட்டுதலின் விலையுணவும் அக்காலத்தே இருந்தது. ஆயினும் ஆற்றுப்படைப் புலவர் விலை பேசப்படாத முற்றங்களையே தேர்ந்தனர்.

இவ்விரு தடைகளினும் வலியது வேறொன்று உண்டு. புல்லரிசி தேடிக் குற்றிச் சமைத்த எயிற்றி எப்போது உண்டாள், யாரோடு உண்டாள் என்று எந்நூலும் கூறவில்லை. விருந்தினராகிய விறலிக்கு இலையில் இடம் தந்த புலவர், விருந்தளித்த பெண்ணை அடுப்பருகிலேயே விட்டுச் சென்றனர். ஆற்றுப்படை காட்டும் உடனுண்டலின் எல்லை இதுவே. இவ்வெல்லையைச் சுட்டாது அவ்விலக்கியத்தைப் பாராட்டுதல் நடுநிலை ஆகாது.

அதியமான்கோட்டை இன்று சேலம், தருமபுரி, ஓசூர் வழிகள் கூடும் இடம். அவ்வழியிற் செல்லும் இணையர் சாலையோரச் சிற்றுணவகம் ஒன்றனுள் நுழையுமுன் எண்ணுவன மூன்று: நம் நிலைக்கு ஏற்ற உணவு உண்டா, தயங்காது உட்செல்லலாமா, இருவரும் ஒருங்கிருந்து உண்ணலாமா என்பன. தேக்கிலைச் சோறும், மலைபடுகடாத்தின் அறிவுரையும், அஞ்சியின் பல கலங்களும் விடை கூறியது இவ்வினாக்களுக்கே. ஆகவே ஆற்றுப்படையைப் பரிசில் இலக்கியம் என்னும் ஒரு பெயரில் அடக்குதல் குறையுடைத்து. அதனைத் திறந்த வாயிலின் இலக்கியம் எனக் கொள்ளுதலும் வேண்டும். அடுப்பருகில் நின்ற எயிற்றிக்கும் ஓர் இலை இடப்படும்போதே அவ்விலக்கியத்தின் நோக்கம் நிறைவுறும்.