கிட்டங்கியைத் தாண்டும் வான்

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால், நாவிதன்வெளி, சொறிக்கல்முனைப் பக்கத்திலிருந்து கல்முனைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. ஊர்ப் பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைக்கு அந்தக் கவலை குறைவு. ஆனாலும் வருடம் முழுக்க வான்கள் கல்முனைக்கே ஓடுகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. கார்மேல் பற்றிமா, உவெஸ்லி போன்ற கல்லூரிகளின் பெயர் மட்டும் பெற்றோரை இழுக்கவில்லை. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க ஆய்வுகூடம் வேண்டும், பாடத்துக்கொரு ஆசிரியர் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையை அதற்காக அனுப்புவதில் நான் குறை காணமாட்டேன்.

ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்புவது வேறு கதை. முதலாம் தர அனுமதிச் சுற்றுநிருபம் பாதி இடங்களை அருகில் வசிப்போருக்கே ஒதுக்குகிறது. வீட்டுக்கும் கேட்ட பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். இதைத் தாண்ட ரவுணிலுள்ள மாமாவின் வீட்டு விலாசம் தேவைப்படுகிறது. பிள்ளை அகரம் எழுதுமுன்னே பொய் விலாசம் சொல்லப் பழகிவிடுகிறது. ஊர்ப் பாடசாலையிலோ பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் ஆளணியும் குறைகிறது. ஆசிரியர் இல்லை என்று இன்னும் நாலு பேர் வெளியேறுகிறார்கள்.

"அப்ப வீட்டிலேயே படிப்பிச்சா என்ன?" என்று கேட்கும் பெற்றோரும் இப்போது இருக்கிறார்கள். 2016 முதல் ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்பதால் கடைசிக் கதவு திறந்தே இருக்கிறது. அதற்கு முந்திய பத்து வருடங்களை யார் சுமப்பது? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லா வீடும் பள்ளிக்கூடமானது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். அதுவும் வாப்பாவோ அப்பாவோ வேலையால் வந்த பிறகுதான். வயலுக்கும் கடைக்கும் போகிற தாய் தகப்பனிடம் முழுநேர வீட்டுக்கல்வியை ஒப்படைப்பது, நேரமும் படிப்பும் உள்ள வீடுகளின் வசதியை எல்லோருக்கும் உரியதாக நினைப்பதுதான்.

வீட்டுக்கல்வியில் சாரம் இல்லையென்று சொல்ல வரவில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் தமிழிலும் வடமொழியிலும் அடித்தளத்தை ஊர்ப் பெரியவர்களிடம் பெற்றார். ஆங்கிலத்துக்குக் கல்முனை மிஷன் பாடசாலைக்கும் மட்டக்களப்புக்கும் போனார். இரு கட்சியும் அவரைச் சாட்சிக்கு அழைக்கலாம். எனக்கு அவர் வாழ்க்கை சொல்வது ஒழுங்குமுறை பற்றி: முதலில் ஊர், பிறகு ரவுண். பின்னேரத்தில் பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து வாசிக்கிற வீடு, அந்தப் பழைய முறையின் நல்ல பாதியை இன்றும் வைத்திருக்கிறது. அந்த மணித்தியாலத்தைத்தான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் கிளாஸ் தின்றுவிடுகிறது.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது, புலமைப்பரிசில் பரீட்சை கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குத் தூக்கிவிடும் ஏணியாக இருந்தது. இன்று வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படத்தைப் பதாகையில் அடித்து ஊர்ப் பாடசாலை தன் வாசலிலேயே தொங்கவிடுகிறது. ஆறாம் தரம் தொடங்கும்போது பதாகை அங்கேதான் இருக்கும். பிள்ளை வானில் இருக்கும்.