பிளாரென்ஸ் மாளிகையும் நம் லயத்து வீடும்

கொள்ளைநோய்க் காலத்துத் தனிமையே கலையின் தாய் என்று நம்மவருள் கற்றோர் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அவர்கள் தவறாது எடுத்துக்காட்டும் நூல் ஒன்றுண்டு. இத்தாலிய ஆசிரியர் பொக்காச்சியோ இயற்றிய ‘தெக்கமெரோன்’ என்பதே அது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அதனைப் படித்த நமக்கு, மேற்கோள் காட்டுவோர் அதை முழுவதும் படித்தனரோ என்ற ஐயம் எழுந்தது.

1348-ஆம் ஆண்டில் பிளாரென்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடிற்று. பெற்றோர் பிள்ளைகளைக் கைவிட்டதையும், பிணங்கள் வாயிற்படிகளிற் கிடந்ததையும் ஆசிரியர் முகவுரையில் அஞ்சாது எழுதுகிறார். நூலின் உயிர் அப்பகுதியே என்பது நம் துணிபு. பின்னர் ஏழு பெண்களும் மூன்று ஆடவரும் நாட்டுப்புற மாளிகைக்குச் சென்று, பத்து நாள், நாளொன்றுக்குப் பத்தாக நூறு கதைகள் சொல்கின்றனர். இதுவரை யாவரும் அறிந்ததே.

ஆனால் சமைத்தவர் யார்? படுக்கை விரித்தவர் யார்? பணியாட்களும் உடன் சென்றனர். முதல் நாள் அரசியாகிய பம்பினேயா அவர்களுக்கு வேலை பகிர்ந்தளித்து, இன்பமான செய்தியன்றி வெளியுலகச் செய்தி எதனையும் உள்ளே கொணரலாகாது என்றும் கட்டளையிடுகிறாள்! ஆறாம் நாள் லிசிஸ்கா என்னும் பணிப்பெண் தின்தாரோ என்பவனோடு சமையலறையிற் போட்ட சண்டை மேலோர் காதில் விழுகிறது. அழைத்துக் கேட்கின்றனர், அவள் வெடிக்கிறாள், பெண்கள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர், அரசி அவளை அதட்டி அனுப்பிவிடுகிறாள். மறுநாட் கதைகளுக்குரிய பொருளை அவள் பேச்சிலிருந்தே எடுத்ததாகத் தியோனேயோ ஒப்புக்கொள்கிறான். பொருள் அவளுடையது, கதை சொல்லும் ஆசனம் மட்டும் அவளுக்கில்லை. இதை மறைக்காமல் எழுதியதற்காகவே பொக்காச்சியோவை நாம் பாராட்டுகிறோம். அவரைப் போற்றுவோர்தாம் இதனைக் காணவில்லை.

நம் ஜொகூருக்கு வருவோம். 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. 27-ஆம் நாள் சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் குடியிருப்புகள் இரண்டு கடுமையான முற்றுகைக்குள் வைக்கப்பட்டன. செம்பனைத் தோட்டங்களிலோ, விளைச்சல் அத்தியாவசியம் என்பதால், குலை அறுப்போர் முகக்கவசத்துடன் காலைப் பிரட்டுக்கு நின்றனர். கிராணிகளாகிய நாம் பெயர் எழுதினோம். தனிமை எங்கே? ஓய்வு எங்கே? எட்டடி அறையில் மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியிற் பாடம் கேட்ட வீட்டில் ‘அகத்தாய்வு’ செய்வது எப்படி?

அக்காலத்தில் நம்மவர் எழுதிக் குவித்த கவிதைகளுட் பெரும்பாலானவை கொரோனாவை அரக்கன் என்றன; சன்னலோரத்துக் குருவியைக் கண்டு மனிதன் திருந்திவிட்டான் என்றன. மேல்மாடிச் சன்னல் போலும்! தமிழ்நாட்டில் ஜெயமோகன் அதே ஆண்டில் ‘புனைவுக்களியாட்டு’ என்று பெயரிட்டு அடுத்தடுத்துச் சிறுகதைகள் வெளியிட்டார். நோயைப் பற்றிப் புலம்பாமல் தம் நாட்டு மாந்தரையும், தாம் ஊழியம் செய்த தொலைபேசித் துறையையும் நினைவிலிருந்து எடுத்து எழுதினார். அடைபட்டவன் தன்னுள் தேடியதற்கு அது சான்று. எல்லாக் கதைகளும் ஒரே தரத்தன அல்ல. ஆயினும் குருவிக் கவிதைகளுக்கு அவை எவ்வளவோ மேல்.

ஜொகூருக்கே உரிய பொருள் ஒன்று எழுதப்படாமற் கிடக்கிறது. கட்டுப்பாட்டு ஆணையோடு சிங்கப்பூர்ப் பாலமும் அடைபட்டது. நாள்தோறும் கடந்து சென்று உழைத்தோர் பலர் அக்கரையிலேயே தங்கினர். மனைவி மக்கள் இக்கரையில். 2021 நவம்பர் இறுதியில் தடுப்பூசி போட்டவருட் சிலருக்குப் பேருந்து வழி திறந்தது. 2022 ஏப்ரல் 1-இல்தான் பாலம் பரவலாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டாண்டு இரவுகளில், வேலை முடிந்து படுக்கையிற் கிடந்தவாறு, எழுதப் பழகாத அம்மனிதர் கைப்பேசியிற் பேசி அனுப்பிய குரற்செய்திகள் எத்தனை! கோபம், கணக்கு, மகளுக்குச் சொன்ன கதை, மனைவியிடம் அதுகாறும் சொல்லாத சொல், எல்லாம் அவற்றில் உண்டு. லிசிஸ்காவுக்குக் கிடைக்காத ஆசனம் இவர்களுக்கு அந்தச் சிறு கருவியிற் கிடைத்தது.

பழைய கைப்பேசிகள் பழுதாகும் தோறும் அக்குரல்கள் அழிந்து வருகின்றன. உரியவரின் இசைவு பெற்று அவற்றைக் கேட்டு எழுதிவைக்க, நம் வாசகசாலைகளில் முன்வருவோர் உளரா?