முளைக்குச்சிகளும் பிடிமண்ணும்

1

வம்ச சரித்திரம் எழுதும் ஆசை நம்மவர்களிடையே பரவி வருகிறது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலர்கள், 'நாங்கள் வந்த வழி' என்ற தினுசில் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறு புத்தகங்கள். கீரனூர் மாதிரி ஓர் ஊரில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவன் இவற்றிலிருந்து தப்ப முடியாது. பயிர்க்கடனுக்கு வருகிறவர் சிட்டா நகலோடு மலர் ஒன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார். இவற்றுக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிடுவது நம் வட்டத்தின் வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட நம் முக்கியமான நாவலான கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இந்த மலர்களின் கச்சாப்பொருளிலிருந்தே எழுந்தது. அந்தக் கச்சாப்பொருளை நாவல் என்னவாக மாற்றுகிறது, எதைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்கு ஏற்படுத்தியது ஒரு நார்வேஜிய நாவல்.

அதன் ஆசிரியர் ரோல்வாக் 1876இல் வட நார்வேயின் தீவொன்றில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1896இல் அமெரிக்கா போய், தெற்கு டகோட்டாவில் பண்ணையாளாக உழைத்து, பின்னர் படித்து, மின்னசோட்டாவில் கல்லூரி ஆசிரியரானார். அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு தாய்மொழியிலேயே எழுதினார். 1924, 1925இல் நார்வேயில் இரண்டு பாகங்களாக வந்த நாவல், 1927இல் 'ஜயன்ட்ஸ் இன் தி எர்த்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

நார்வேயில் உழவுக்கு ஆகிற நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. 1825இல் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சிறு கப்பல் புறப்பட்டதில் தொடங்கி, நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1862ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அவர்களை இழுத்தது: ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் உனக்கு.

இவர்களுடைய பேரன் பேத்திகள் வம்சம் தேடுவது சுலபம். யார் எந்த வருஷம் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதை அங்கே பங்குக் குருவின் பதிவேடு சொல்லும். பண்ணை பண்ணையாகக் குடும்பங்களைப் பட்டியலிடும் வட்டார நூல்களும் உண்டு. பெயர்தான் சிக்கல். ஹான்ஸின் மகன் பேர், 'பேர் ஹான்சன்'. அதோடு பண்ணையின் பெயரும் ஒட்டும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். நிலையான குடும்பப் பெயரை நார்வே சட்டமாக்கியது 1923இல்தான். ரோல்வாக்கின் கதாநாயகன் பேர் ஹான்ஸா, புல்வெளிக்கு வந்த பிறகு தன் குடும்பத்துக்கு 'ஹோல்ம்' என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கிறான். புது நிலத்தில் புதுப் பெயர்.

நம் பேரேட்டில் 'த/பெ' என்ற கட்டம் ஒரு தலைமுறையைக் காட்டும். மூலப்பத்திரம் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று தலைமுறை. அதற்கு மேலே காகிதம் கிடையாது, குலதெய்வம்தான் உண்டு. பழைய ஊரின் தெய்வத்தடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது ஊரில் வைத்துக் கோயில் எழுப்புவது நம் வழக்கம். பிடிமண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பின்னோக்கிப் போனால் வந்த பாதை கிடைத்துவிடும். தெலுங்கு வீட்டார் வீட்டுப் பெயர் என்ற இன்னொரு நூலையும் கையில் வைத்திருக்கிறார்கள். ஆக, நமக்கும் ஆவணம் இருக்கிறது. ஆனால் அது வந்த வழியை மட்டும் சொல்லும். வந்து இறங்கிய இடத்தில் யார் இருந்தார் என்பதைச் சொல்லாது.

2

ரோல்வாக்கின் நாவலில் சில குடும்பங்கள் 1873இல் டகோட்டாவின் ஆளரவமற்ற புல்வெளியில் இறங்குகின்றன. மரமில்லை, மறைவில்லை. பேர் ஹான்ஸாவுக்கு இது ராஜ்யம். அவன் மனைவி பேரட்டுக்கு இது மனிதன் வாழ அனுமதிக்கப்படாத வெளி. சாதாரண முன்னோடிக் கதை பேர் ஹான்ஸாவின் பக்கமே நின்றுவிடும். ரோல்வாக் நிற்கவில்லை.

வந்த புதிதில் பேர் ஹான்ஸா மேட்டின்மேல் ஒரு பூர்வகுடிக் கல்லறையைக் கண்டுகொள்கிறான். மனைவி பயந்துவிடுவாள் என்று வாயைத் திறப்பதில்லை. பிறகு, நண்பர்கள் உழுதுகொண்டிருக்கும் நிலத்தில் வேறு யாரோ பெயரெழுதி அடித்துவைத்த முளைக்குச்சிகள் அவன் கண்ணில் படுகின்றன. ரகசியமாகப் பிடுங்கி எரித்துவிடுகிறான். குச்சி அடித்த ஐரிஷ்காரர்கள் வரும்போது அவர்களிடம் உரிய பத்திரம் இல்லை. அவன் செய்தது வெளிவந்ததும் மற்றவர்களுக்கு அது சாமர்த்தியம். பேரட்டுக்கு மட்டும் பாவம். அடுத்தவன் எல்லைக்கல்லைப் பெயர்த்தவன் சபிக்கப்பட்டவன் என்பது அவள் படித்த வேதம். வரப்பை வெட்டுகிறவனுக்கு வம்சம் விளங்காது என்று நம்பும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவள் புத்தி பேதலித்துப்போவதற்குத் தனிமை மட்டும் காரணமில்லை. தன் வீடு எதன்மேல் நிற்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் அறிந்தவள் அவள் ஒருத்தி.

ரோல்வாக்கையும் முழுக்க விடுவிக்க முடியாது. நிலச் சட்டம் வந்த அதே 1862இன் டிசம்பரில், மின்னசோட்டாவில் மேன்கேட்டோ என்ற ஊரில், டகோட்டா இனத்தவர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். நாவலின் நிலம் அந்த மக்களின் நிலம். ஆனாலும் எழுத்தாளன் கல்லறையைத் தன் நாவலுக்குள் விட்டிருக்கிறான். பாத்திரம் மறைப்பதை ஆசிரியன் மறைக்கவில்லை. கலை தொடங்குவது இந்த இடைவெளியில் என்று நினைக்கிறேன்.

3

'கோபல்ல கிராம'த்தில் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் கதை சொல்கிறாள். அழகியான சென்னாதேவியை முஸ்லிம் அரசன் ஒருவன் கேட்க, இரவோடிரவாகத் தெலுங்கு தேசத்தைவிட்டுக் கூட்டம் ஓடிவருகிறது. தெற்கே காட்டை எரித்துக் கரிசலை உண்டாக்குகிறது. இதைப் பாட்டியின் வாயில் வைத்ததுதான் கி.ரா.வின் கலை. சரித்திரம் என்று அவர் சத்தியம் செய்யவில்லை; ஒரு வீட்டுத் திண்ணையில் தலைமுறைகள் கேட்டுக் கேட்டு மெருகேறிய சொல் என்று காட்டுகிறார். கும்பாபிஷேக மலர் செய்ய முடியாத காரியம் இது.

ஆனால் இந்தக் கதை ஒரு குடும்பத்தின் சொத்து அல்ல. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் தொட்டிய நாயக்கர்கள் சொன்னதாக வருவதும் இதுவே: பெண் கேட்ட முஸ்லிம்கள், இரவில் ஓட்டம், எதிரே ஆறு, இரு கரையிலும் புங்க மரங்கள் வளைந்து பாலமாவது. வேறு வேறு சாதிகள் பெயரை மாற்றிக்கொண்டு இதையே சொல்கின்றன. ஓடிவந்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனின் படை தெற்கே வந்ததும், 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி அமைந்ததும், பாளையங்கள் பிறந்ததும் சரித்திரம். பலர் அந்த அதிகாரத்தின் பின்னால் வந்தார்கள். நன்செய்க் குடிகள் விரும்பாத கரிசலை அவர்களுடைய உழவு வசப்படுத்தியதை டேவிட் லட்டன் திருநெல்வேலியை வைத்து 1985இல் விரிவாக எழுதியிருக்கிறார். வென்றவன் பின்னால் வந்தோம் என்பதைவிடத் துரத்தப்பட்டு வந்தோம் என்பது நினைவுக்கு இதமானது. வெற்று நிலத்தைப் பெறும் தகுதியை அது தருகிறது.

நிலம் வெற்றாகத்தான் இருந்ததா? சா. கந்தசாமியின் 'சாயாவன'த்திலும் காடு எரிகிறது. அங்கே எரிவது என்ன என்று நமக்குத் தெரியும், பார்க்கும்படி எழுதியிருக்கிறார். 'கோபல்ல கிராம'த்தின் தீ ஒரு தொடக்கம் மட்டுமே. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. நாவல் ஒரு கொலையோடு ஆரம்பிக்கிறது. நகைக்காகக் கர்ப்பிணியைக் கொன்ற திருடன் பிடிபடுகிறான், கழுவேறுகிறான். கோட்டையார் வீட்டுக்கு நூறு வருஷக் கதை சொல்ல ஒரு மங்கத்தாயாரு இருக்கிறாள். அவன் வந்த வழியைச் சொல்ல நாவலில் யாரும் இல்லை. கி.ரா. இதை அறிந்தே செய்தார் என்று வாதிடுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு நாவலில் அதற்குச் சாட்சியம் கிடைக்கவில்லை.

4

இது புத்தக விவகாரம் மட்டும் அல்ல. கீரனூரிலிருந்து பழனிக்குப் போய், இன்னும் கொஞ்ச தூரம் மலையடிவாரத்துக்குப் போனால் பொருந்தல். 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்தபோது, ஒரு கல்லறையில் பானை நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490ஐ ஒட்டியது என்று பரிசோதனை சொன்னது. செத்தவனோடு நெல்லை வைத்துப் புதைத்த ஒரு ஜனம் இருந்த பூமி இது. நம் மேட்டிலும் கல்லறை இருக்கிறது. மலைமேல் பளியர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'யாருமற்ற காட்டைத் திருத்தி' என்ற வாக்கியம் இல்லாத மலர் ஒன்றுகூட என் மேஜைக்கு வரவில்லை.

கூடவே வந்தவர்களின் கதை இன்னொன்று. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர்கள் நாயக்கர் காலத்தில் வந்தவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது; மறுப்பவர்களும் உண்டு. வந்ததாகவே வைத்துக்கொண்டால், அதே ஆறு, அதே இரவு, அதே புங்க மரம் அவர்களுக்கும் உரியவை. கிணற்றில் கவலை இறைக்கத் தோல் பறி தைத்தவர்கள் அவர்கள். அந்தத் தோல் இல்லாமல் இந்த மேட்டுக்காட்டில் தோட்டம் ஏது? ஆனால் கடன் பேரேட்டில் நில அடமானத்தின் எதிரே அவர்கள் பெயரை நான் கண்டது அபூர்வம். ஒரே பயணம், இரண்டு வம்ச சரித்திரம், ஒன்று அச்சாயிற்று.

இராவுத்தர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். பெண் கேட்டுத் துரத்திய அரசனின் கதையில் அவர்கள் நிற்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது: குதிரைமேல், ஆற்றின் அக்கரையில். தமிழைத் தவிர வேறு மொழி அறியாத ஒரு கிழவர் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் நிற்பவர் கையிலுள்ள மலரில் அவர் துரத்துகிறவராகிவிட்டார். இன்றைய அரசியலில் இந்த மலர்கள் எப்படி வாசிக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை. கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத்தெரு' எனக்கு முக்கியமாவது இதனால்தான். தம் ஜனத்துக்குப் பூர்வ பெருமை தேடிக்கொண்டு அவர் அரபு தேசத்துக்கு ஓடவில்லை. தெருவுக்குள்ளேயே மேல் கீழ் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்க்கிறார். வம்சப் பெருமைக்கு எதிரான எழுத்து அது.

வேர் தேடுவதை நான் இகழவில்லை. 'த/பெ' கட்டத்துக்கு மேலே போக ஆசைப்படுவது மனித இயல்பு. அந்த ஆசையைப் படைப்பாக எடுத்துக்கொள்கிறவன் பிடிமண்ணை எங்கிருந்து எடுத்தோம் என்பதோடு எங்கே, எவர் மண்ணின்மேல் வைத்தோம் என்றும் கேட்டாக வேண்டும். கி.ரா. முதல் கேள்விக்குத் தமிழில் இணையில்லாத பதில் எழுதினார். இரண்டாவது கேள்வியை எழுப்பும் நாவல், அதே தெலுங்கில் வீட்டுக்குள் பேசிக்கொண்டு, அதே வண்டிக்குப் பின்னால் பறியைச் சுமந்து நடந்துவந்த ஒருவனின் பேத்தியிடமிருந்து வரலாம். அது வரும்வரை 'கோபல்ல கிராமம்' பாதி வழியில் நிற்கும் ஒரு பெரிய நாவல்.