தத்தனுக்குச் சொன்ன நன்றி

பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரை "அடியார் வேடத்தை மதித்து உயிர் விட்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அந்தக் கதை பேச்சைப் பற்றியதும்கூடன்னு தோணுது.

கதை நடக்கும் திருக்கோவலூர் இன்றைய திருக்கோவிலூர்தான். 2019-ல் உருவான எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. போரில் ஜெயிக்க முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். மன்னர் அவனை ஆசனத்தில் உட்காரவைத்து, தான் தரையில் அமர்கிறார். அவன் குத்திவிடுகிறான். வாளோடு பாய்ந்த மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்கிறார் மன்னர்.

அந்த அறையில் இரண்டு பேருமே இனிமையாகத்தான் பேசினார்கள். சொற்களை மட்டும் பார்த்தால் முத்தநாதன் பேச்சிலும் குறையில்லை. அவன் மனசு இருண்டது என்பதைச் சேக்கிழார் நமக்கு முன்பே சொல்லிவிடுகிறார். திருக்குறளின் 'இனியவை கூறல்' அதிகாரமும் முதல் குறளிலேயே, அன்பு கலந்து வஞ்சமில்லாமல் வருவதுதான் இன்சொல் என்கிறது.

இங்கே எனக்குச் சுருக்கென்றது. ஒருமுறை நள்ளிரவில் சர்வர் விழுந்தது. காரணமான ஜூனியருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மூன்று தடவை திருத்தியது. 'தயவுசெய்து', 'நன்றி' எல்லாம் இருந்தது. மறுநாள் அந்தப் பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. வார்த்தையைத்தான் திருத்தினேன், கோபம் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்வராயன் மலையில் மழை பெய்தால்தான் அடிவாரத்துக் கோமுகி அணைக்குத் தண்ணீர். அணை காலியாக இருக்கும்போது மதகைத் திறந்து என்ன பயன்?

பலரும் கவனிக்காத இடம் இதற்குப் பிறகு வருகிறது. முத்தநாதனை விட்டுவிட்டுத் தத்தன் திரும்பி வரும்வரை மன்னர் உயிரோடு காத்திருக்கிறார். வந்ததும், நீ செய்ததை வேறு யார் செய்வார் என்று உருகுகிறார். பகைவனிடம் காட்டிய கருணையை ஒரு பெரிய தருணத்தின் வேகம் என்று சொல்லிவிடலாம். சாகிற வலியில் தன் காவலனுக்கு நன்றி சொல்வது அப்படி இல்லை. உள்ளே அது ஏற்கெனவே இருக்கணும்.

அரசராக அவர் செய்தது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நமக்குக் கிட்டத்தில் இருப்பவர் தத்தன் என்று நினைக்கிறேன். மன்னரின் மனநிலை அவருக்கு வந்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. இருந்தும் ஓங்கிய வாளை இறக்கினார். கொதித்து வந்த மக்களுக்கு அரசர் ஆணையைச் சொல்லி விலக வைத்தார். மனசு பக்குவப்படும்வரை கையையாவது அடக்கலாம். நான் அன்று அந்த மெயிலைக் காலை வரைக்கும் அனுப்பாமல் இருந்திருக்கலாம்.